செய்ய முடியலையா, செய்யத் தோணலையா?

கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்வோம். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். கணக்கில் பணம் இருக்கிறது, போனில் கட்ட இரண்டு நிமிஷம் போதும். ஆனாலும் 21ஆம் நாள் வரை கிடக்கும். வீட்டில் இதற்கு ஒரே பெயர், சோம்பேறித்தனம். ஏடிஎச்டி என்கிற கவனக்குறைபாடும் டிப்ரஷன் என்கிற மனச்சோர்வு நோயும் சேர்ந்திருப்பவருக்கு அதே பில் இரண்டு வெவ்வேறு காரணங்களால் தேங்கும். இன்றைக்கு எந்தக் காரணம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஏடிஎச்டியின் வேலை என்றால், பில் ஞாபகத்திலேயே இருக்காது. அல்லது ஞாபகம் வந்து போனை எடுப்பார், வேறு எதையோ பார்ப்பார், அரை மணி கழித்து அப்படியே கீழே வைப்பார். கட்ட வேண்டும் என்ற எண்ணம் உண்டு, ஆரம்பம்தான் வராது. அதே நேரத்தில் நண்பன் பைக் ரிப்பேர் என்று கூப்பிட்டால் துள்ளி எழுவார். டிப்ரஷன் நாளில் பில் நன்றாகவே ஞாபகம் இருக்கும். கட்டினால் என்ன, கட்டாவிட்டால் என்ன என்றிருக்கும். பைக்கும் வேண்டாம், நண்பனும் வேண்டாம். பிடித்த வேலைக்குக்கூட மனசு எழாத நிலை இரண்டு வாரம் தொடர்ந்தால், அதை ஏடிஎச்டி கணக்கில் எழுதக் கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். கடைசிப் பருவத்தில் புழு மொத்த இலையில் பெரும்பகுதியைத் தின்னும். வேளை தவறினால் தட்டிலேயே தெரிந்துவிடும். ஏடிஎச்டி உள்ளவர் அங்கே தவறமாட்டார். அவசரம் கண்ணெதிரே நெளிகிறதே! ஆனால் அதே ஆள் பயிர்க்கடன் புதுப்பிக்க ஆறு மாதமாகப் போயிருக்கமாட்டார். “புழுவுக்கு இலை போட மட்டும் தெரியுது, பேங்குக்குப் போகத் தெரியலையா?” என்று அம்மா கேட்பது நியாயம்போலத் தோன்றும், ஆனால் இந்த மூளைக்குத் தூரத்துத் தேதி கண்ணிலேயே படாது. கவனிக்க வேண்டியது வேறு: இலை போடுவதே தள்ளிப்போக ஆரம்பித்தால் டிப்ரஷன் உள்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். ஏடிஎச்டி என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதனால் பழைய ரேங்க் கார்டு கிடைத்தால் எடுத்துப் போங்கள்; “கவனக்குறைவு”, “பேச்சு அதிகம்” என்று டீச்சர் எழுதிய ஒரு வரி பல கேள்விகளுக்குப் பதில். சின்ன வயதில் உங்களைப் பார்த்த அம்மாவோ சித்தியோ கூட வந்தால் இன்னும் நல்லது. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனை செய்யச் சொன்னால் வீண்செலவு என்று நினைக்காதீர்கள்; இவை குறைந்தாலும் மந்தம், மறதி எல்லாம் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

எதற்கு முதலில் மருந்து? டிப்ரஷன் கடுமையாக இருந்தால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். டிப்ரஷன் மாத்திரை பலன் காட்ட நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மனசு லேசாகும், ஆனால் மேஜைமேல் குவிந்த காகிதம் அப்படியே இருக்கும். “மாத்திரை வேலை செய்யல” என்று நிறுத்திவிடுவார்கள். அது தன் வேலையைச் செய்துவிட்டது. மிச்சம் ஏடிஎச்டியின் பங்கு. அதிலும் சட்டென நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரும். குறைப்பதானால் டாக்டர் சொல்கிற கணக்கில் படிப்படியாகத்தான்.

ஏடிஎச்டிக்குத் தரும் மெத்தில்பெனிடேட் மாத்திரை விஷயத்தில் சிக்கல் கடையில்தான். ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடுமையான கட்டுப்பாடு உள்ள மருந்து என்பதால் சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். தனி லைசென்ஸ் உள்ள கடையில் மட்டுமே கிடைக்கும், தெருமுனை மெடிக்கலில் கேட்டு அலைவது வீண். எந்தக் கடை என்று ஓ.பி.யிலேயே கேட்டுவிடுங்கள். சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தால், 30 நாள் மாத்திரைக்கு 20ஆம் நாளே கிளம்பத் திட்டமிடுங்கள். கடைசி மாத்திரை தீர்ந்த பிறகு கிளம்பச் சொல்வது, கண்ணாடியைத் தொலைத்தவரிடம் கண்ணாடியைத் தேடச் சொல்வதுதான்.

மெத்தில்பெனிடேட் பசியை அடக்கும். காலையில் களியோ இட்லியோ சாப்பிட்டுவிட்டே போடுங்கள். போட்ட பிறகு சாப்பாடு இறங்காது. சாதாரண வகை நாலு மணி நேரத்தில் வடியும்போது சிலருக்கு ஒரு மணி நேரம் எரிச்சலும் சோர்வும் வரும். அதை டிப்ரஷன் திரும்பிவிட்டதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். ஒரு வாரம் மணியைக் குறித்துப் பாருங்கள். மாத்திரை இறங்குகிற நேரத்தில் மட்டும் வந்து போனால் அது மருந்தின் கணக்கு. நாள் முழுக்க, அதிலும் காலையில் கண் விழிக்கும்போதே கனத்தால் டிப்ரஷன். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு மாறுகிறவர்கள் ஷிப்டு அட்டவணையையே டாக்டரிடம் காட்டுவது நல்லது. காலை மாத்திரை மறந்துபோய்ச் சாயங்காலம் போட்டால் ராத்தூக்கம் போச்சு. தூக்கம் போனால் மறுநாள் இரண்டு நோயும் சேர்ந்து எழும்.

ஏடிஎச்டிக்கு அட்டமாக்ஸெட்டின் என்ற மருந்து எழுதியிருந்தால் ஓர் எச்சரிக்கை. டிப்ரஷனுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் இரண்டும் அது உடம்பில் சிதைந்து வெளியேறுவதைத் தடுக்கும். ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறும். உள்ளூரில் ஒரு டாக்டர், பெங்களூரில் ஒரு டாக்டர் என்று பார்ப்பவர்கள் இவர் சீட்டை அவருக்கும் அவர் சீட்டை இவருக்கும் கட்டாயம் காட்ட வேண்டும்.

போட்டோமா இல்லையா என்று குழம்பி இரண்டு தடவை போடுவதும் நடக்கும். ஏழு நாள் பெயர் போட்ட டப்பா வாங்கி ஞாயிற்றுக்கிழமை நிரப்பி, பிரஷ் பக்கத்தில் வையுங்கள். அலமாரிக்குள் வைத்தால் அது இல்லாத பொருள். கலர் கலராகப் பிளானர் டைரி வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; நாலாம் நாள் அதுவே குற்ற உணர்வாகிவிடும்.

அதைவிட, நன்றாக இருக்கிற நாளில் மோசமான நாளுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மூன்றே வரி: மாத்திரை, ஒரு சொம்புத் தண்ணீர், ஏதாவது சாப்பாடு. குளிப்பதுகூட அதில் வேண்டாம். வேலை தொடங்க முடியாத நாளில் “அக்கா, பத்து நிமிஷம் இங்க உட்காரு, ஒண்ணும் பேச வேணாம்” என்று கேளுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தாலே கை நகரும். அக்கா அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் மட்டும் பலிக்காது.

உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் டப்பா, சீட்டு எதுவும் முக்கியமில்லை. அரசு உதவி எண்கள் 14416 (டெலி மானஸ் மனநல உதவி), 104 (சுகாதார உதவி), இரண்டும் ராத்திரியிலும் எடுப்பார்கள். வீட்டிலோ தோட்டத்திலோ பூச்சிமருந்து இருந்தால் அன்றைக்கே அண்ணனிடமோ மாமாவிடமோ கொடுத்து வேறு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். மாத்திரையும் ஒரு வாரத்துக்கு மேல் கையில் இருக்க வேண்டாம். தனியாகவும் இருக்க வேண்டாம்.

நன்றாக ஆனபிறகும் டிப்ரஷன் மாத்திரை ஆறு மாதமாவது ஓட வேண்டும். நன்றாக இருக்கும்போதுதான் ஓ.பி. தேதி மறக்கும். அதனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே அடுத்த தேதியைப் போனில் போட்டு, கூட வந்தவர் போனிலும் போடச் சொல்லிவிடுங்கள்.