மாமாவுக்கு எஃப்.எம்.டி: மும்பையில் நாங்கள் பட்ட பாடு

எஃப்.எம்.டி என்கிற மல மாற்று சிகிச்சை முடிந்து என் மாமனார் இப்போது நன்றாக இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல் தொற்றுக்குக் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டார், அதிலிருந்து பிடித்த வயிற்றுப்போக்கு சி.டிஃப் என்ற குடல் பாக்டீரியாவால் என்று தெரிவதற்குள் ஆள் பாதியாகிவிட்டார். மருத்துவத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. கோபமெல்லாம் கவுண்டர்கள் மேல்தான்.

டாக்டர் எழுதியது டாக்ஸின் பரிசோதனை, அதாவது மலத்தில் அந்தக் கிருமியின் நச்சு இருக்கிறதா என்று பார்ப்பது. லேபில் பில் போட்டதோ சாதாரண மலப் பரிசோதனைக்கு. கேட்டால் "சப் ஏக் ஹி ஹை" (எல்லாம் ஒன்றுதான்) என்கிறார் அந்த மனிதர். எப்படி ஒன்றாகும்? மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அமீபாவும் புழு முட்டையும் தெரியும், சி.டிஃப் விடும் நச்சு தெரியாது. 'நார்மல்' என்று ரிப்போர்ட் வாங்கி நாங்கள் நிம்மதியாக இருந்த நாட்களில்தான் மாமாவுக்கு ரொம்ப மோசமானது. பில்லில் 'டாக்ஸின் ஏ, பி' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்து சாம்பிள். சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரத்திலேயே அந்த நச்சு சிதைந்துபோகலாம், அதனால் ஐஸ் பேக் வைத்த டப்பாவில்தான் கொண்டுபோக வேண்டும். நாங்கள் செம்பூர், லேப் பரேல் பக்கம். ஆட்டோ சயானோடு நின்றுவிடும், அங்கே இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும், அதுவும் கையில் இந்தப் புதையலோடு. போய்ச் சேர்ந்தால் லஞ்ச் டைம், உட்காருங்கள் என்கிறார்கள். ஃப்ரிட்ஜிலாவது வையுங்கள் என்று சத்தம் போட்ட பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். இன்னொன்று, மலம் தளர்வாக இருக்கும்போது மட்டும்தான் இந்தச் சோதனை. குணமான பிறகு "எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள், நோய் போன பிறகும் பாசிட்டிவ் வரலாம்.

இந்தக் கிருமிக்கான ஆன்டிபயாடிக் வேன்கோமைசின், அதை வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னார்கள். கேப்சூல் எங்கேயும் கிடைக்கவில்லை, ஊசி மருந்தையே கரைத்துக் குடிக்கக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். மருந்துக்கடைக்காரர் அதை நம்பவே இல்லை, நரம்பில்தான் போட வேண்டும் என்று அடம். நரம்பில் போட்டால் குடலுக்குள் போதுமான அளவு போய்ச் சேராது. டாக்டரிடம் போனில் பேசவைத்துத்தான் வாங்கினோம். வீட்டில் அத்தை விடாமல் சானிடைசர் தடவிக்கொண்டிருந்தார், அது இந்தக் கிருமியின் ஸ்போர்களை, அதாவது விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் வடிவத்தை, கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான்.

குணமாகி மறுபடி வந்தது, அப்புறம் இன்னொரு முறையும் வந்தது. அப்போதுதான் எஃப்.எம்.டி, அதாவது ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல நுண்ணுயிர்களை எடுத்துக் குடலுக்குள் செலுத்துவது. ஈரல் சுரக்கும் பித்த அமிலம் இந்த ஸ்போர்களை முளைக்கவைக்கும். குடலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் அதை வேறு பித்த அமிலமாக மாற்றி சி.டிஃப் வளராமல் தடுக்கும். ஆன்டிபயாடிக் அந்த பாக்டீரியாக்களையே அழித்துவிட்டது, பிறகு எத்தனை கோர்ஸ் மருந்து கொடுத்தாலும் காவலுக்கு ஆள் இல்லை. 2013-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் சரியானது என்று டாக்டர் சொன்னதும் நாங்கள் சரி என்றுவிட்டோம்.

மலம் கொடுக்க டோனர் தேடியதுதான் கூத்து. என் கணவருக்குச் சர்க்கரை, ஆகவே இல்லை. என் தம்பி தொண்டை வலிக்கு அஜித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டு 3 மாதம் ஆகவில்லை, அவனும் இல்லை. நாத்தனார் பையன் ஜிம்முக்குப் போகிற பிள்ளை, ரத்தப் பரிசோதனை எல்லாம் தேறிவிட்டான், மலத்தில் ஈ.எஸ்.பி.எல் என்று வந்து அவனும் அவுட். மருந்துக்கு மசியாத இந்த பாக்டீரியா நம் ஊரில் நல்ல ஆரோக்கியமானவர்கள் குடலிலேயே சாதாரணமாக இருக்கும். 2019-ல் அமெரிக்காவில் இதைப் பார்க்காமல் ஏற்றி ஒருவர் இறந்தே போனார், அதனால் டாக்டர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றிலும் தேறியது நான். என் கை காபியில் தினம் ஒரு குறை கண்டுபிடிக்கிற மனிதருக்கு! "உன்னோடதாம்மா?" என்று மட்டும் கேட்டார் மாமா. கொலனோஸ்கோப்பி வழியாக, அதாவது பெருங்குடலுக்குள் விடும் குழாய் மூலம், செலுத்தினார்கள், அன்று ஒரு பிரச்சினையும் இல்லை.

இன்ஷூரன்ஸ்காரர்கள் 'நிரூபிக்கப்படாத சிகிச்சை' என்று முதலில் தள்ளிவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் சி.டிஃபுக்கு இதைப் பரிந்துரைக்கும் 2021-ஆம் வருட அமெரிக்க வழிகாட்டுதலை இணைத்து டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார், ஆஸ்பத்திரி செலவு வந்துவிட்டது. டோனர் பரிசோதனைகளுக்கு மட்டும் பைசா வரவில்லை, பில் என் பெயரில் இருக்கிறதாம், நான் நோயாளி இல்லையாம். அட்மிஷனுக்கு முன்பே பில்லிங்கில் பேசி அதையும் நோயாளியின் கணக்கிலேயே போடச் சொல்லிப் பாருங்கள், நான் இன்னும் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.