புரோலாக்டின் கூடியிருக்கா? ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன்னால் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 68 நானோகிராம் என்று ரிப்போர்ட் வந்ததும், பிட்யூட்டரியில் கட்டி இருக்குமோ என்று நேரே எம்ஆர்ஐக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கடுப்பு இன்னும் அடங்கவில்லை. குமட்டலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரும் டோம்பெரிடோன் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் சுரக்கும் செல்களை அதன்போக்கில் விட்டால் சுரந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு மேலே மூளையில் உள்ள ஹைபோதலாமஸிலிருந்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியாக இறங்கி வரும் டோபமைன் என்ற வேதிப்பொருள், அந்த செல்களில் தனக்கென இருக்கும் டி2 ஏற்பிகளில் ஒட்டி, உள்ளே சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியைக் குறைத்து அவற்றை அடக்கி வைக்கிறது. டோம்பெரிடோன் அதே ஏற்பியை அடைத்துக்கொண்டால் அடக்க ஆளில்லை. “இது மூளைக்குள் போகாத மருந்தாச்சே” என்பார்கள். ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் நுழையாமல் தடுக்கும் ரத்த-மூளைத் தடையை அது அதிகம் தாண்டாது என்பது சரி. அதனால்தான் தசை இறுக்கம், நடுக்கம் அதில் அபூர்வம். ஆனால் பிட்யூட்டரி இருப்பதே அந்தத் தடைக்கு வெளியே! குமட்டலுக்கான இன்னொரு மருந்தான மெட்டோகுளோபிரமைடு தடையையும் தாண்டுவதால், புரோலாக்டின் ஏற்றம், நடுக்கம் என இரண்டு தொல்லையும் உண்டு.

டாக்டரிடம் கேட்டுவிட்டு டோம்பெரிடோனை நிறுத்தி, குறைந்தது 3 நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். தூங்கி எழுந்த கையோடு கொடுக்காதீர்கள், தூக்கத்தில் புரோலாக்டின் ஏறும். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அளவைக் குறைத்துக் காட்டிவிடும். மனநோய்க்கான ரிஸ்பெரிடோனும் இதே டி2வை அடைப்பதுதான், ஆனால் அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. மருந்தை மாற்றுவதா, அரிப்பிப்ரசோல் என்ற இன்னொரு மனநோய் மருந்தைச் சேர்ப்பதா என்பதை மனநல மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

புரோலாக்டின் ஏற வேறு காரணம் உண்டா என்று தைராய்டு, கர்ப்பம், சிறுநீரகம் மூன்றையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடலாம். அறிகுறியே இல்லாமல் அளவு மட்டும் கூடியிருந்தால் மேக்ரோபுரோலாக்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும் புரோலாக்டின் வகை அது. பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: ஸ்கேனில் பெரிய கட்டி, ரத்தத்தில் சுமாரான அளவு. புரோலாக்டின் அளவு மீறிப் போனால் சோதனையே திணறிக் குறைத்துக் காட்டும். ரத்த மாதிரியை 1:100 நீர்க்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே கட்டி என்றாலும் பெரும்பாலும் கத்தி வேண்டாம். கேபர்கோலின் என்ற மாத்திரை அதே டி2வைத் தூண்டி, சுரப்பைக் குறைத்துக் கட்டியையும் சுருக்கும். வழக்கமாக வாரத்துக்கு 0.25 முதல் 0.5 மி.கி.யில் ஆரம்பிப்பார்கள். ராத்திரி சாப்பாட்டோடு போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும்; காலையில் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். இது மூளைக்குள்ளும் போகிற மருந்து. திடீரென்று சூதாட்ட வெறியோ கண்டதையும் வாங்கும் வேகமோ வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வீட்டில் இருப்பவர்களிடமும் முன்பே சொல்லி வையுங்கள். மாட்டிக்கொண்டவருக்கு அது தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.