துணைக் கேள்விக்காகக் காத்திருக்கிறேன்

2022-இல் தமிழகச் சட்டமன்றத்தின் கேள்வி நேரம் நேரலையில் வரத் தொடங்கியதிலிருந்து அதைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

முதல் கேள்வியில் சுவை இல்லை. "ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தரம் உயர்த்த அரசு ஆவன செய்யுமா?" என்பார் உறுப்பினர். அமைச்சர் எழுந்து தாளைப் பார்த்து, "அத்தகைய கருத்துரு தற்போது அரசின் பரிசீலனையில் இல்லை" என்று வாசிப்பார். ('ஆவன' என்ற சொல்லைக் கோட்டைதான் இன்னும் சோறு போட்டுக் காப்பாற்றுகிறது.)

உடுக்குறியிட்ட வினாவின், அதாவது அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய வினாவின், உயிர் அந்தப் பதிலைத் தொடர்ந்து கேட்கும் துணைக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்கு எழுதிவைத்த பதில் கிடையாது. "கட்டடம் இருக்கிறது, இரவில் மருத்துவர் இல்லையே, பிரசவ வலி பகலில் மட்டும்தான் வருமா?" என்று தொகுதியை நடந்து பார்த்த ஒருவர் கேட்டுவிட்டால் அவையே நிமிர்ந்து உட்காரும். அமைச்சர் அதிகாரிகள் பக்கம் திரும்புவார். ஒரு துண்டுச் சீட்டு கைமாறி வரும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் பலர் அந்த வாய்ப்பைத் கட்சித் தலைவரைப் புகழ்வதிலேயே தீர்த்துவிடுகிறார்கள். இருப்பது 234 உறுப்பினர்கள், ஒரு மணி நேரம். பேரவைத் தலைவர் "கேள்விக்கு வாருங்கள்" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் பஸ் வராத கிராமத்தின் பெயர் வாயில் வருகிறது. எரிச்சலாக இருக்கிறது.

"பரிசீலிக்கப்படும்" என்ற பதில் வந்த தேதிகளை ஒரு பழைய டைரியில் குறித்துவைக்கிறேன். இன்னும் நான்கு பக்கம்தான் மிச்சம்.