காவல்காரன் நித்திரை கொண்டா ஆருக்குத் தெரியும்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை கிரிட் சப்ஸ்டேஷனில குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்கக் கரண்ட் போச்சே, அண்டைக்கு நான் வெள்ளவத்தையில வீட்டில நிண்டன். ஃபோனுக்கு ஒரு அலர்ட்டும் வரேல்ல, சரி ஓஃபிஸ்ல ஜெனரேட்டர் பிடிச்சிட்டுது போல எண்டு நினைச்சுக்கொண்டு நிம்மதியாச் சோறு சாப்பிட்டன். பிறகு பாத்தா டேட்டாபேஸ் நிண்ட அதே ராக்கில தான், அதைக் காவல் பாத்து விழுந்தா அலர்ட் அனுப்பிற மொனிட்டரிங் சேர்வரும், ரெண்டும் சோடியாப் படுத்திட்டுது.

அதுக்குப் பிறகு தான் ஹெச்ஏ, அதாவது ஒண்டு விழுந்தாலும் மற்றது நிண்டு வேலை செய்யிற மாதிரி, பிளான் போட வெளிக்கிட்டம். முதல்ல ஸபிக்ஸ் எண்ட மொனிட்டரிங் சொஃப்ட்வெயாரைப் பாத்தம், 6.0 வெர்ஷன்ல இருந்து அதுக்குள்ளயே ஹெச்ஏ இருக்கு, ஒரு நோட் (அது ஓடுற ஒரு சேர்வர்) விழுந்தா சும்மா விட்டாலே ஒரு நிமிசத்தில மற்றது எடுத்திடும், ஆனா எல்லா நோட்டும் ஒரே டேட்டாபேஸைத் தான் நம்பி நிக்குது, அப்ப அதுக்கும் ரெப்ளிகேஷன், அதாவது வேற சேர்வரில ஒரு கொப்பி, வேணும், அந்த ரெப்ளிகேஷனை ஆர் மொனிட்டர் பண்றது? தலை சுத்திட்டுது.

கடைசியில ப்ரொமீதியஸ் எண்ட வேற மொனிட்டரிங் சொஃப்ட்வெயாரை எடுத்தம். அதுல ஃபெயில்ஓவரே, அதாவது ஒண்டு விழுந்தா மற்றது பொறுப்பெடுக்கிற வேலையே, இல்லை, ஒரே கொன்ஃபிக்ல ரெண்டு சேர்வர், ரெண்டும் தன்ரபாட்டில எல்லா டேட்டாபேஸையும் பாக்கும். ரெண்டின்ர கிராஃபும் கொஞ்சம் வித்தியாசமா வரும், வரட்டும், கிராஃபில இடைவெளி விழுந்து ஒருத்தரும் சாகேல்ல. அலர்ட் தான் முக்கியம். ப்ரொமீதியஸ் சொல்ற அலர்ட்டை எங்களுக்கு அனுப்பிற அலர்ட்மனேஜரும் ரெண்டு, ஒண்டோட ஒண்டு கதைச்சு ஒரே அலர்ட்டை ஒருக்கா மட்டும் அனுப்பும், நடுவில நெட்வேர்க் அறுந்தா ரெண்டும் அனுப்பும். ரெண்டு தரம் அடிச்சா என்ன, அடிக்காம விட்டாத் தானே பிரச்சினை. ஒண்டு மட்டும், ப்ரொமீதியஸுக்கும் அலர்ட்மனேஜருக்கும் நடுவில, வாறதை ஏதாவது ஒண்டுக்கு மட்டும் பிரிச்சு விடுற லோட் பேலன்ஸர் போடாதேங்கோ, ரெண்டு ப்ரொமீதியஸும் ரெண்டு அலர்ட்மனேஜருக்கும் நேராச் சொல்லோணும்.

ரெண்டாவது ப்ரொமீதியஸ், அலர்ட்மனேஜர் சோடி வேற பில்டிங்கில, வேற லைன்ல. அதுக்கு மேல வாட்ச்டோக் எண்டு எப்பவும் அடிச்சுக்கொண்டே இருக்கிற ஒரு அலர்ட், நாட்டுக்கு வெளியில ஒரு சேர்விஸுக்குப் போகுது. அந்த அலர்ட் போறது நிண்டுபோனாத் தான் அந்த சேர்விஸிட்ட இருந்து எனக்குக் கோல் வரும்.

போன சனிக்கிழமை நானே போய் வயரைப் பிடுங்கிப் பாத்தன், கோல் வந்தது. ஆனா என்ர ஃபோன்ல சார்ஜ் இல்லாட்டி? டவரும் விழுந்தா? அதால ரெண்டாவது நம்பரா, டொரொண்டோவில இருந்து எங்களுக்கு வேலை செய்யிற பொடியன்ர நம்பரைப் போட்டிருக்கிறன். இங்க மத்தியானம் எண்டா அங்க நடுச்சாமம். அவனிட்ட இன்னும் கேக்கேல்ல.