வண்டி என்ன லோடு அடிச்சுதுன்னு கேளுங்க

செகண்ட்ஸ்ல ஒரு பிக்கப் லோடு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன், எத்தன கிலோமீட்டர் ஓடிருந்தா வாங்கலாம்ணான்னு போன வாரம் மட்டும் ரெண்டு பேர் போன் பண்ணி கேட்டுட்டாங்க. ரெண்டு பேருக்கும் சொன்னது ஒண்ணுதான், கிலோமீட்டர் கெடக்கட்டும், அந்த வண்டி இத்தன நாளா என்ன லோடு அடிச்சுதுன்னு மொதல்ல கேளுங்க. மீட்டர எவன் வேணா திருப்பி வச்சிடுவான், ஆனா ஏத்துன லோடு வண்டில எங்கயாவது ஒரு எடத்துல தடம் விட்டுட்டுத்தான் போயிருக்கும். இத நான் சும்மா சொல்லல, ஒரு லட்ச ரூபாய்க்கு மேல விட்டுட்டுதான் சொல்றேன்.

எனக்கு தாராபுரம் பக்கம் மாட்டுத்தீவனக் கடை. புண்ணாக்கு, தவிடு, கம்பெனி தீவனம், எல்லாம் 50 கிலோ மூட்டைதான். ஊரு ஊரா தோட்டத்துக்கே கொண்டுபோய் எறக்கிக் குடுக்கணும், இல்லன்னா பக்கத்து கடைக்காரன் குடுத்துட்டு போயிடுவான். ரொம்ப நாளா வாடகை வண்டில ஓட்டிட்டு இருந்தேன், மாசக் கடைசில கணக்கு பாத்தா வாடகையே ஒரு டியூ கட்டற அளவுக்கு வந்துச்சு, சரி நம்மளே ஒண்ணு எடுத்துருவோம்னு 2021ல பழைய வண்டி விக்கற ஒரு கன்சல்டிங் கடைக்கு போனேன். போன ஒடனே கண்ணுல பட்டது பளபளன்னு வெள்ள பெயிண்ட்ல ஒரு வண்டி, பின்னாடி பாடில புதுசா இரும்புத் தகடு, அடில சேசிஸ், அதாவது வண்டியத் தாங்கற இரும்புச் சட்டம் பூரா கருப்பு கோட்டிங், டயர் நாலும் புதுசு. மளிகைக் கடை வண்டிங்க, லோக்கல் ஓட்டம்தான்னு சொன்னாங்க. நானும் பாத்தேன், அடியெல்லாம் இவ்ளோ சுத்தமா வச்சிருக்காங்களேன்னு சந்தோஷமா அட்வான்ஸ குடுத்துட்டு வந்துட்டேன். எந்த கம்பெனி வண்டின்னு சொல்லல, ஏன்னா தப்பு வண்டி மேல இல்ல.

நாலு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு நாள் 24 மூட்டை ஏத்திட்டு போறப்போ ஒரு சின்ன பள்ளம், டொம்முன்னு ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமா உக்காந்துடுச்சு. எறங்கி குனிஞ்சு பாத்தா கமான் பட்டைய, அதாவது லோடு தாங்கற ஸ்பிரிங் பட்டைய, சேசிஸோட புடிச்சிருக்கற பிராக்கெட் அப்படியே பிச்சுக்கிட்டு வந்துருக்கு. போல்ட் ஒடையல, வெல்டிங் விடல, சேசிஸ் இரும்பே பிய்ஞ்சுருச்சு. பிஞ்ச எடத்துல வெரல வச்சு அழுத்துனா வறுத்த அப்பளம் மாதிரி ஏடு ஏடா உதிருது. மெக்கானிக் அண்ணன் வந்து அந்த உதிர்ந்தத கையில எடுத்து பாத்துட்டு, "தம்பி, இது மீன் வண்டிடா"ன்னார். ஐஸ் உருகி உப்புத்தண்ணி நாள் பூரா பாடி இடுக்கு வழியா சேசிஸ் மேல சொட்டிட்டே இருந்துருக்கு, மேல தகடு மாத்தி, அடில துருவுக்கு மேலயே கருப்ப அடிச்சு வித்துட்டாங்க. அப்பறம் ஆர்சி புக்க எடுத்து ஒழுங்கா படிச்சா, மொதல்ல ரெஜிஸ்டர் ஆனது கடலோர ஊரு. நம்பர் பிளேட்லயே எழுதியிருந்துச்சு, நான்தான் படிக்கல.

அதுக்காக டிஎன் 65, டிஎன் 69 எல்லாம் வாங்கவே கூடாதுன்னு இல்ல. ராமநாதபுரத்துலயும் தூத்துக்குடிலயும் மளிகைக்கடை இல்லையா என்ன. ஆனா அந்த நம்பர பாத்தா ஒரு கேள்வி சேத்து கேக்கணும், அவ்ளோதான்.

சேசிஸ வெட்டி ஒட்டி, உள்ள பிளேட் வச்சு, ஒண்ணரை வருசம் பயந்து பயந்து ஓட்டிட்டு, உள்ளத உள்ளபடி சொல்லியே கம்மி வெலைக்கு தள்ளி விட்டேன். அடுத்த வண்டிக்கு போறப்போ மெக்கானிக் அண்ணன கூடவே கூட்டிட்டு போனேன், போன எடத்துக்கெல்லாம் டீ, டிபன், கைல ஒரு ஐநூறு. அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான் கீழ எழுதறதெல்லாம்.

அவரு கணக்கு இப்படி. செங்கல், எம்சாண்ட், ஜல்லி அடிச்ச வண்டின்னா கமான் பட்டைய பாரு, கம்பெனில வந்தத விட எக்ஸ்ட்ரா பட்டை சேத்துருப்பான், பட்டை நேரா நிமிந்து கெடக்கும், கிளட்சும் பின்னாடி கிரவுன் பல்சக்கரமும் சத்தம் போடும். பிராய்லர் கோழி அடிச்ச வண்டின்னா, நம்ம பல்லடம் பக்கம் அது நெறைய, கோழி எச்சம் இரும்ப தின்னுடும், பாடி மூலைல கம்பிய விட்டு சுரண்டி பாரு. தண்ணி கேன் வண்டின்னா தளம் போயிருக்கும், மத்தபடி ஊருக்குள்ளயே ஓடுனதுனால கிளட்ச் தேஞ்சிருக்கும். காய்கறி வண்டி, ஒட்டன்சத்திரத்துல இருந்து ராத்திரியோட ராத்திரியா கேரளா போற வண்டின்னா, லோடு பெருசா இருக்காது ஆனா வெரட்டி ஓட்டிருப்பாங்க, இன்ஜின்ல வேலை இருக்கும். பிரெட்டு, பிஸ்கட், கொரியர் பார்சல் அடிச்ச வண்டி கெடச்சா யோசிக்காத, ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிருந்தாலும் எடு, அது காத்த ஏத்திட்டு ஓடுன வண்டி.

எந்த வண்டிங்கறது நம்ம லோட பொறுத்தது. குட்டியானை, அதாவது டாடா ஏஸ், 2005ல வந்தது, 702 சிசில ரெண்டு சிலிண்டர், முக்கால் டன் போடலாம். சந்து பொந்துக்கு அத அடிச்சுக்க ஆள் இல்ல, ஆனா எனக்கு 20 மூட்டைன்னாலே ஒரு டன் ஆச்சு, அதுல ஏத்துனா அதுக்கும் பாவம் எனக்கும் பாவம். அசோக் லேலண்ட் தோஸ்த் 2011ல நிசான் கூட கூட்டு சேந்து கொண்டு வந்தாங்க, மூணு சிலிண்டர், ஒண்ணரை லிட்டர் இன்ஜின், ஒண்ணேகால் டன் கிட்ட தாங்கும், எனக்கு அதுவே போதும். மஹிந்திரா பொலிரோ பிக்கப் 2523 சிசி, நாலு சிலிண்டர், 1.3 டன், 1.5 டன், 1.7 டன்னு பல மாடல் இருக்கு, தோட்டத்து மண் ரோட்டுக்கு நான் அதத்தான் தேடுனேன். இசுசு டி மேக்ஸும் பாத்தேன், அழகான வண்டி, ஆனா எங்க ஊர் மெக்கானிக்குக்கு பழக்கமில்ல, அதோட முடிச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணு, புகைக் கட்டுப்பாட்டு விதில வண்டி பிஎஸ்4ஆ பிஎஸ்6ஆ. 2020 ஏப்ரல் 1ல இருந்து பிஎஸ்6தான். புது வண்டிதான நல்லதுன்னு நெனப்போம், ஆனா பிஎஸ்6 டீசல் வண்டில சைலன்சர் லைன்ல கரிய புடிச்சு வைக்கற டிபிஎஃப்னு ஒரு பில்டர் இருக்கு, அது நல்லா சூடானாத்தான் புடிச்ச கரிய எரிச்சு தள்ளும். ஹைவேல ஓடுற வண்டிக்கு தொந்தரவு இல்ல. என்ன மாதிரி எட்டு கிலோமீட்டர் போய் ரெண்டு மூட்டை எறக்கி, ஆஃப் பண்ணி, மறுபடி நாலு கிலோமீட்டர் போறவனுக்கு அது சூடே ஆகாது, அடைச்சுக்கிட்டு மீட்டர்ல லைட் எரியும், செலவு வைக்கும். அதனால 2018, 2019 மாடல்தான் வேணும்னு உறுதியா இருந்தேன். நீங்க தெனமும் கோயமுத்தூர் போய் வர்ற ஆளுன்னா தாராளமா பிஎஸ்6 எடுங்க, வயசும் கம்மியா கெடைக்கும்.

மொத்தம் எட்டு வண்டி பாத்தோம். அண்ணன் கண்டிஷன் என்னன்னா காலைல ஆறரை மணிக்கு, முன்கூட்டி சொல்லாம போகணும். மொத வண்டிக்கு போன ஒடனே பானட்ட தெறந்து இன்ஜின் மேல கைய வச்சாரு, சூடா இருந்துச்சு. "வண்டி எங்கயாவது போய்ட்டு வந்துச்சுங்களா?" "இல்லீங்ணா, நைட்டுல இருந்து இங்கதான் நிக்குது." அவ்ளோதான், டீ கூட குடிக்காம கெளம்பிட்டோம். கோல்டு ஸ்டார்ட்டுல, அதாவது இன்ஜின் ஆறிக் கெடக்கறப்போ, ஒடனே ஸ்டார்ட் ஆகாத வண்டிய சூடு பண்ணி வச்சுதான் காட்டுவாங்களாம். இன்னொரு வண்டில ஸ்டார்ட் பண்ணி ஆயில் ஊத்தற மூடிய கழட்டி அப்படியே தலகீழா அந்த ஓட்டை மேல வச்சாரு, மூடி டங்குன்னு தாவி கீழ விழுந்துச்சு, புகை ரயில் மாதிரி. பேக் கம்ப்ரஷன், பிஸ்டன் ரிங்கு போச்சு, இன்ஜின் வேலைக்கு வரும்னார். நல்ல இன்ஜின்ல மூடி லேசா ஆடும், தாவாது. ரேடியேட்டர் தண்ணில எண்ணெய் மெதந்தாலோ, ஆயில் குச்சில பால்காப்பி கலர்ல இருந்தாலோ ஹெட் கேஸ்கெட்ட சந்தேகப்படணும். புகை கருப்பா வந்தா டீசல், காத்து சமாச்சாரம், பாத்துக்கலாம், நீலமா வந்தா ஆயில் எரியுது, விட்டுடலாம். டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்ச டயர். 2019 மாடல், முப்பதாயிரம்தான் ஓடிருக்குன்னு சொல்றான், டயர் நாலும் 2022னா மீட்டர் யார் கதைய சொல்லுதுன்னு பாத்துக்கங்க.

எட்டாவதா வந்ததுதான் இப்ப என்கிட்ட இருக்கு. 2019 பொலிரோ பிக்கப், பால் வண்டி. 40 லிட்டர் கேன ஏத்திக்கிட்டு தெனமும் காலைல ஒரு டிரிப், சாயங்காலம் ஒரு டிரிப், ஒரே ரூட்டு. மீட்டர்ல 1,83,000, திருப்பக்கூட இல்ல, அதுலயே பாதி நம்பிக்கை வந்துருச்சு. பால் வண்டி நிக்கவே முடியாது, நின்னா பால் கெட்டுடும், அதனால சர்வீஸ் டயத்துக்கு நடந்துருக்கும்னு அண்ணன் சொன்னாரு, நம்பர சொல்லி சர்வீஸ் சென்டர்ல கேட்டா ஹிஸ்டரி பூரா வரிசையா இருந்துச்சு. ஆனா தெனமும் கழுவி கழுவி பாடி தளம் போயிருந்துச்சு, சிந்துன பாலும் புளிச்சு இரும்ப அரிச்சிருக்கு. அண்ணன் சாக்க விரிச்சு அடில படுத்தாரு, சின்ன சுத்தியல எடுத்து சேசிஸ ஒரு சாண் ஒரு சாணா தட்டிக்கிட்டே பின்னாடி வரைக்கும் போனாரு. டிங் டிங்னு ஒரே சத்தமா வந்துச்சு, ஒரு எடத்துல மட்டும் தொப்புன்னு கேட்டுச்சு, எனக்கு வயிறு கலங்கிடுச்சு, பாத்தா அது காஞ்சு ஒட்டியிருந்த சேறு. தளத்த காட்டி 15,000 கொறைச்சோம்.

அதோட விடல. காலி வண்டிய ஓட்டிப் பாத்து என்ன தெரியும், கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு பாக்க போன மாதிரிதான் எல்லாம் நல்லாவே தெரியும். நம்ம கடைக்கு வரச் சொல்லி 20 மூட்டை ஏத்தி, ஒரு மேட்டுல பாதில நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு மறுபடி எடுத்தோம். கிளட்ச் வழுக்கல, ரெண்டாவது கியர் கரகரக்கல, பிரேக் அடிச்சா ஒரு பக்கம் இழுக்கல. ஓனரு கொஞ்சம் மூஞ்ச சுளிச்சாரு, ஆனா வந்தாரு. வரமாட்டேன்னு சொல்ற ஓனர்கிட்ட வாங்காதீங்க.

பேப்பர் விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். பரிவாஹன்ங்கற அரசாங்க சைட்ல நம்பர போட்டு எஃப்சி (வண்டி தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதி, பைன் பாக்கி எல்லாம் பாத்துடுங்க. எஃப்சி எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேல வருசா வருசம், அதனால ஏழரை வயசு வண்டிய வாங்கறப்போ அந்த செலவையும் கணக்குல வையுங்க. ஆர்சில பைனான்ஸ் பேரு இருந்தா கடன் முடிஞ்சதுக்கான என்ஓசியும் ஃபாரம் 35ம் கைல வாங்காம முழுப்பணம் குடுக்காதீங்க. டியூ கட்டாம பைனான்ஸ்காரன் தூக்குன சீசிங் வண்டி மலிவா கெடைக்கும், ஆனா டியூ கட்ட முடியாதவன் ஆயில் மட்டும் மாத்திருப்பானா. மொத்த எடை 3000 கிலோவுக்குள்ள இருந்தா பர்மிட் வேண்டாம், அதுக்கு மேலன்னா வேணும், ஆர்சிலயே போட்டிருக்கும், அதுல இருந்து காலி எடைய கழிச்சா நீங்க எவ்ளோ ஏத்தலாம்னு வந்துடும். அதத் தாண்டி ஏத்துனா 20,000 பைன், போக கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. டிரைவர் லைசென்ஸ் பத்தி எனக்கு ஒரு கொழப்பம் இருந்துச்சு, கடைப் பையன்கிட்ட இருந்தது கார் லைசென்ஸ்தான், 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் 7500 கிலோவுக்கு உள்ள இருக்கற வண்டிக்கு அது போதும்னு சொல்லிடுச்சு.

பேர் மாத்தற ஃபாரம் 29, 30ல கையெழுத்து வாங்குன கையோட பேர் மாத்திடுங்க, அப்பறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க, விக்கறவரும் விடக்கூடாது. நான் அந்த மீன் வண்டிய வித்தப்போ டெலிவரி நோட்ல தேதி, மணி எல்லாம் எழுதி வாங்கியும், பேர் மாறுற வரைக்கும் தூக்கமில்ல, ஏன்னா ஆக்சிடென்ட் ஆனா ஆர்சில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனருன்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு.

தளத்துக்கு புது தகடு அடிச்சு ஒண்ணே முக்கால் வருசம் ஆச்சு. மழை நாள்ல கண்ணாடிய ஏத்திட்டு போனா இன்னமும் கேபின்ல லேசா புளிச்ச தயிர் வாசம் வரும், எத்தன தடவ வாட்டர் வாஷ் விட்டாலும் போகல. இப்ப அதுமேல கடலைப் புண்ணாக்கு வாசமும் ஏறிட்டு வருது, அடுத்து எவன் வாங்க வந்தாலும் என்ன லோடுன்னு என்கிட்ட கேக்க வேண்டியதில்ல.