கம்பைலர் தலையாட்டினால் போதுமா

ஒரு சி புராஜெக்டை ஜிசிசி, கிளாங், எம்எஸ்விசி என்ற மூன்று கம்பைலர்களிலும் (கோடை இயங்கும் புரோகிராமாக மாற்றுபவை) பில்ட் ஆகும்படி வைத்திருக்க வேண்டும் என்றால், எந்த ஃபிளாக், அதாவது கமாண்டில் சேர்க்கும் ஆப்ஷன், எந்தக் கம்பைலருக்குப் புரியும் என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். பலரும் உடனே செய்வது, கம்பைலரின் பெயரையும் வெர்ஷன் எண்ணையும் பார்த்து நீளமாக ஒரு இஃப்-எல்ஸ் எழுதுவது. ரிவ்யூவில் அதைப் பார்த்தால் எடுத்துவிடச் சொல்வேன். ஆப்பிள் தரும் கிளாங்கின் வெர்ஷன் எண்ணுக்கும் எல்எல்விஎம் வெளியிடும் கிளாங்கின் எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. கம்பைலரும் வெர்ஷனும் ஒன்றாகவே இருந்தாலும் டார்கெட், அதாவது புரோகிராம் ஓடப்போகும் பிராசஸர் வகை, மாறினால் பதில் மாறிவிடும்: ‘எஃப்-சிஎஃப்-புரொடெக்‌ஷன்’ எக்ஸ்86-இல் வேலை செய்யும், அதையே ஏஆர்எம் 64-பிட்டுக்கான ஜிசிசியிடம் கொடுத்தால் இந்த டார்கெட்டில் கிடையாது என்று எரர் அடிக்கும், அங்கே ‘எம்-பிராஞ்ச்-புரொடெக்‌ஷன்’ என்று வேறு ஒன்று இருக்கிறது. அதனால் கம்பைலரிடமே நேராகக் கேட்டுவிடுவதுதான் ஒழுங்கு.

கேட்கும் வழி, கம்பைலரை ஓட்டி புராஜெக்டைக் கட்டித்தரும் எல்லா பில்ட் சிஸ்டத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிமேக்கில் ‘செக் சி கம்பைலர் ஃபிளாக்’, மேசானில் ‘கெட் சப்போர்ட்டட் ஆர்க்யுமென்ட்ஸ்’, லினக்ஸ் கெர்னலின் மேக்ஃபைல்களில் ‘சிசி-ஆப்ஷன்’. குட்டியாக ஒரு ஃபைல், அதோடு அந்த ஃபிளாக், கம்பைல் செய்து பார். எரர் இல்லாமல் முடிந்தால் ஃபிளாக் உண்டு. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் எரர் வரவில்லை என்பதற்கு ‘கம்பைலர் மறுக்கவில்லை’ என்றுதான் பொருள், ‘புரிந்துகொண்டது’ என்று பொருள் இல்லை. இந்த இடைவெளியில்தான் எல்லாச் சிக்கலும் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஜிசிசி. வார்னிங்கை அணைக்கும் ‘டபிள்யூ-நோ’ வகை ஃபிளாக்கில் பின்னால் எந்தப் பெயரைப் போட்டாலும், அப்படி ஒரு வார்னிங்கே உலகத்தில் இல்லாவிட்டாலும், ஜிசிசி வாயைத் திறக்காது. கோடில் வேறு ஏதாவது வார்னிங் அல்லது எரர் வந்தால் மட்டும், கூடவே ‘இந்த ஆப்ஷன் எனக்குத் தெரியாது’ என்று சொல்லும். இது பக் இல்லை, வேண்டுமென்றே செய்தது. புதிய கம்பைலருக்காக எழுதிய ‘டபிள்யூ-நோ’ ஃபிளாக் பழைய கம்பைலரிலும் தொந்தரவில்லாமல் ஓட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மேனுவலிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம் குட்டி டெஸ்ட் ஃபைலில் எந்த வார்னிங்கும் வராதே! அதனால் டெஸ்ட் எப்போதும் பாஸ். அப்புறம் என்றைக்கோ யாரோ ஒருவருடைய பழைய கம்பைலரில் உண்மையான எரர் ஒன்று வரும்போது, அதோடு சம்பந்தமில்லாத ஆப்ஷன் குறிப்புகளும் வரிசையாக வந்து விழும், அவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திண்டாடுவார்.

இதற்கு மருந்து சுலபம்: ‘நோ’வை எடுத்துவிட்டு நேர்மறை ஃபிளாக்கைச் சோதித்துப் பார்ப்பது, அது உண்டு என்றால் ‘நோ’ வடிவத்தைச் சேர்ப்பது. மேசான் இதைத் தானாகவே செய்கிறது. கெர்னலில் இதற்கென்றே ‘சிசி-டிஸேபிள்-வார்னிங்’ இருக்கிறது. சிமேக்கில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

கிளாங் வேறு மாதிரி. தெரியாத வார்னிங் ஃபிளாக் வந்தால் ஒரு வார்னிங் மட்டும் கொடுத்துவிட்டு வேலையை முடித்துவிடும். எம்எஸ்விசியும் அப்படித்தான், டி9002 என்ற வார்னிங்கோடு ஆப்ஷனை ஒதுக்கிவிட்டுப் போய்விடும். அதனால் கிளாங்கில் ‘அன்நோன் வார்னிங் ஆப்ஷன்’ என்பதை எரராக மாற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். சிமேக் இதைக் கையாளும் விதம் கொஞ்சம் விசித்திரம்: கம்பைலர் திரையில் எழுதுவதைப் படித்து, தெரியாத ஆப்ஷன் என்று சொல்லும் வாக்கியம் அதில் இருக்கிறதா என்று தேடுகிறது. அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் வந்தால்தானே பிடிபடும், அதனால் சோதிக்கும் நேரத்தில் லொக்கேல் மாறிகளை ‘சி’ என்று மாற்றிவைக்கிறது.

தப்பாக ‘உண்டு’ என்று வருவது ஒரு பக்கம் என்றால், தப்பாக ‘இல்லை’ என்று வருவது இன்னொரு பக்கம். ‘எஃப்-சானிடைஸ்’ மூலம் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை சிமேக்கில் சும்மா சோதித்தால் இல்லை என்றே வரும். காரணம், கம்பைல் ஆவதில் சிக்கல் இல்லை, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைத்து லிங்க் செய்யும்போது அந்த ஃபிளாக் போய்ச் சேரவில்லை, சானிடைசரின் ‘ஏசான் இனிட்’ ஃபங்ஷன் எங்கே என்று லிங்கர் கேட்டு நின்றுவிடுகிறது. சிமேக் 3.14-இல் வந்த ‘ரெக்வயர்ட் லிங்க் ஆப்ஷன்ஸ்’ மாறியிலும் அதைப் போட்டுவிட்டால் சரியாகும். ஆப்பரேட்டிங் சிஸ்டமே இல்லாத சாதனங்களுக்கான பேர்-மெட்டல் டூல்செயினில் இரண்டு பக்கமும் உண்டு. அங்கே எக்ஸிகியூட்டபிள் லிங்க் ஆகாது என்பதால் எல்லா டெஸ்டும் தோற்கும். சரி என்று டெஸ்டை ஸ்டாட்டிக் லைப்ரரியாக மாற்றினால் லிங்கரே ஓடாது, எந்த லிங்கர் ஃபிளாக்கைக் கேட்டாலும் உண்டு என்று வரும்.

இன்னொன்று, சிமேக் பதிலை கேஷில் எழுதிவைக்கும். இரண்டு ஃபிளாக்குக்கு ஒரே மாறிப் பெயரைக் கொடுத்துவிட்டால் இரண்டாவது டெஸ்ட் ஓடவே ஓடாது, முதல் பதிலே திரும்பி வரும். கம்பைலரை அதே இடத்தில் அப்டேட் செய்தாலும் பழைய பதில்தான். சந்தேகம் வந்தால் பில்ட் ஃபோல்டரைத் தூக்கிவிட்டுத் தொடங்குங்கள். உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க சிமேக் 3.26 முதல் கான்ஃபிகர் (இந்தச் சோதனைகள் ஓடும் கட்டம்) லாக் ஒரு யாமல் ஃபைலாகக் கிடைக்கிறது, ஓடிய கமாண்டும் வந்த எரரும் அதில் இருக்கும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது, எதைச் சோதிக்கவே கூடாது என்பது. வார்னிங் ஃபிளாக் ஒன்று இல்லாவிட்டால் ஒரு வார்னிங் குறையும், அவ்வளவுதான், சத்தமில்லாமல் விட்டுவிடலாம். ஆனால் கோடின் பொருளையே மாற்றும் ‘எஃப்-ராப்வி’, ‘எஃப்-நோ-ஸ்ட்ரிக்ட்-அலையசிங்’ போன்றவற்றை நம்பி கோடு எழுதப்பட்டிருந்தால், அந்த ஃபிளாக் கிடைக்காத கம்பைலரில் பில்ட் நின்றுவிட வேண்டும். அதை ‘இருந்தால் சேர்’ பட்டியலில் போடுவது, தப்பான பைனரியை யாருக்கும் தெரியாமல் கையில் கொடுப்பது. ஸ்டாக் புரொடெக்டர் போன்ற பாதுகாப்பு ஃபிளாக்குகளையும் நான் அப்படியே வைக்கிறேன், இல்லை என்றால் கான்ஃபிகர் எரரோடு நிற்கும், வேண்டாம் என்பவர் ஆப்ஷன் கொடுத்து அணைத்துக்கொள்ளட்டும்.

சோதனையே சரியாக இருக்கிறதா என்பதையும் பில்டே பார்த்துக்கொள்ளலாம். சோதிக்கும் ஃபிளாக் பட்டியலின் தொடக்கத்தில், எந்தக் கம்பைலரிலும் இருக்க வாய்ப்பில்லாத பெயரில் ஒரு பொய் வார்னிங் ஃபிளாக்கும், அதன் ‘நோ’ வடிவமும் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டில் எதற்காவது ‘உண்டு’ என்று பதில் வந்தால் மற்ற எந்தப் பதிலையும் படிக்காமல் கான்ஃபிகர் அங்கேயே நின்றுவிடும்.