சுவரோடு கணக்கேடும்

பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துக் காப்பதுதான் என் தொழில். ஒரு வேலையாக இஸ்தான்புலில் தங்கியிருந்தபோது, கொஞ்சம் நேரம் கிடைத்தாலும் கலாட்டா என்ற பகுதியின் சரிவில் இருக்கும் பங்கலார் தெருவுக்குப் போய்விடுவேன். வங்கிகள் வரிசையாக நின்ற தெரு அது. அங்கே இருக்கிறது பழைய ஒட்டோமன் வங்கியின் தலைமையகம். 2011 முதல் சால்ட் கலாட்டா என்ற பெயரில் நூலகமாகவும் கண்காட்சிக் கூடமாகவும் இயங்குகிறது.

1892-இல் திறந்த கட்டடம். வடிவமைத்த அலெக்ஸாந்த்ர் வலோரி இஸ்தான்புலில் பிறந்து பாரிஸில் படித்தவர். வங்கிக்கும் புகையிலை ஏகபோக நிறுவனத்துக்கும் சேர்த்து, ஒட்டிப்பிறந்த இரட்டையர் மாதிரி எழுப்பினார். தெருப்பக்கம் ஐரோப்பிய வங்கிகளுக்கே உரிய கனத்த கல் முகப்பு. பின்பக்கம் போய்ப் பார்த்தால் இது வேறு கட்டடமோ என்று தோன்றும். கோல்டன் ஹார்ன் என்ற கடற்கழியையும் அதற்கு அப்பால் உள்ள பழைய நகரத்தையும் பார்த்த அந்தப் பக்கத்தை உள்ளூர்ச் சாயலில் கட்டியிருக்கிறார். பிரிட்டிஷ், பிரெஞ்சு முதலாளிகளின் பணத்தில் நடந்தாலும் ஒட்டோமன் பேரரசின் பணத்தாள்களை வெளியிட்ட வங்கி இது. அந்த இரட்டை வாழ்க்கையைச் சுவரிலேயே காட்டிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனாலும் என்னை அசையவிடாமல் நிறுத்தியது பெட்டக அறைதான். கனத்த இரும்புக் கதவைத் தாண்டினால், பணம் இருந்த இடத்தில் இப்போது காகிதங்கள். கணக்கேடுகள், பங்குப் பத்திரங்கள், வாடிக்கையாளர் அட்டைகள், புகைப்படம் ஒட்டிய ஊழியர் கோப்புகள். கிரேக்கர், ஆர்மேனியர், யூதர், துருக்கியர் என்று எல்லாரும் அந்தக் கோப்புகளில் இருக்கிறார்கள். கழுத்துப்பட்டி இறுக, கேமராவையே முறைத்துப் பார்க்கும் குமாஸ்தாக்கள். 1896 ஆகஸ்டில் ஆயுதமேந்திய ஆர்மேனியப் புரட்சியாளர்கள் இந்த வங்கியைக் கைப்பற்றியபோது உள்ளே சிக்கியவர்களும் இப்படிப்பட்ட ஊழியர்கள்தான். இந்த முகங்களைப் பார்த்த பிறகு மேலே ஏறி வந்தால், சலவைக்கல் படிக்கட்டில் யார் யாரோ நடந்துபோவதாகத் தோன்றுகிறது.

2001-இல் இந்த வங்கி காரன்டி வங்கியோடு இணைந்தது, பெயரும் போனது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் காகிதங்கள் தொலையும். இங்கே தொலையவில்லை. எதெம் எல்தெம் போன்ற வரலாற்றாசிரியர்கள் 1990களிலேயே அந்த ஆவணங்களோடு உட்கார்ந்து வேலை செய்திருந்தார்கள்.

நான் வேலை பார்த்த வேறொரு பழைய அலுவலகத்தில் நடந்தது நேர்மாறு. நாங்கள் சாரம் கட்டுவதற்கு முன்பே, இடத்தைக் காலி செய்கிறோம் என்று பேரேடுகளைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டுவிட்டார்கள். சுண்ணாம்புப் பூச்சையும் தேக்கு உத்திரத்தையும் பழையபடி கொண்டுவந்தோம். எந்த அறையில் என்ன வேலை நடந்தது, மரத்தடுப்பு எங்கே இருந்தது என்று கேட்டால் சொல்ல ஆளும் இல்லை, தாளும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதிப்பீட்டில் கல்லுக்கும் மரத்துக்கும் தொகை போடுகிறோம். காகிதத்துக்கு யாரும் போடுவதில்லை. இப்போதெல்லாம் புதிய வேலை வந்தால், அளவெடுக்கும் நாடாவைப் பிரிப்பதற்கு முன்பே பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். அப்புறம் பரண், மாடிப்படி அடி, பூட்டிய அறை எல்லாவற்றையும் பார்த்து, கிடைத்த கட்டுகளுக்கு எண் போட்டு, உலர்ந்த அறை ஒன்றில் அடுக்கிய பிறகுதான் கொத்தனாரை உள்ளே விடுகிறேன்.